படத்தரம் என்னும் ஒற்றைச் சொல்

எலக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திராவுக்கும் இடைப்பட்ட ஹெப்பகோடியில், பணி முடிந்து விடுதி அறைக்குத் திரும்பும் இளைஞருள் கணினி விளையாட்டில் தோய்ந்தோர் பலர். சேமிப்பை எடுத்துக்கொண்டு மஞ்சள் வழித்தட மெட்ரோவில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சைக்கு மாறி, சிக்பேட்டையில் இறங்கி, எஸ்.பி. ரோட்டில் கிராபிக்ஸ் கார்டு வாங்குமுன் அவர்களிடையே எழும் வழக்கு ஒன்று உண்டு: படத்தரத்தில் சிறந்தது என்விடியாவா, ஏஎம்டியா? ஏஎம்டியின் வண்ணம் செறிவானது, என்விடியாவினது வெளிறியது என்பது இவ்வழக்கின் பழைய சாட்சியம்.

அச்சாட்சியம் செல்லாது. கார்டு மானிட்டருக்கு அனுப்புவது வெறும் எண்களே. அமைப்புகள் ஒன்றாயின் இரண்டும் அனுப்பும் வண்ண எண்களில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இராது. ஆனால் எச்டிஎம்ஐ வழி இணைத்த சில மானிட்டர்களைத் தொலைக்காட்சி எனக் கருதி, 0 முதல் 255 வரை செல்லவேண்டிய அளவை 16 முதல் 235 வரை சுருக்கி அனுப்பும் பழக்கம் என்விடியா டிரைவருக்கு இருந்தது. கருமை சாம்பலாயிற்று, பழி கார்டின்மேல் விழுந்தது. ஒரு தெரிவை மாற்றினால் தீர்ந்துவிடும் குறை அது.

இதனால் நிறுவனங்கள் மாசற்றவை என்றாகிவிடாது. 2001இல் ஏடிஐயின் ரேடியான் 8500 டிரைவர், ‘குவேக் 3’ என்னும் பெயரைக் கண்டதும் டெக்ஸ்சர் தரத்தைக் குறைத்து வேகம் காட்டியது. கோப்பின் பெயரைக் ‘குவாக்’ என்று மாற்றியதும் வேகம் தணிந்தது, படம் தெளிந்தது. 2003இல் 3டிமார்க் சோதனையில் என்விடியா செய்ததை ஃபியூச்சர்மார்க் முதலில் ஏமாற்று என்றது; சில நாள்களில் வந்த கூட்டறிக்கையில் அதுவே ‘மேம்படுத்தல்’ ஆயிற்று. செயல் மாறவில்லை, சொல் மாறியது.

இன்று மெய்யான வேறுபாடு அப்ஸ்கேலிங்கில் உள்ளது. குறைந்த பிக்சல்களில் வரைந்து, எஞ்சியதை ஊகித்து நிரப்பும் முறை இது. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் தொடக்கம் முதலே கற்பிக்கப்பட்ட நரம்பு வலையமைப்பால் இதைச் செய்கிறது. ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 3 வரை மனிதர் எழுதிய விதிகளையே நம்பியது. 2025இல் வந்த எஃப்எஸ்ஆர் 4தான் இயந்திரக் கற்றலுக்கு மாறியது. அதுவும் ஆர்எக்ஸ் 9000 வரிசைக்கென்றே வெளியிடப்பட்டது. இன்டெலின் எக்ஸ்இஎஸ்எஸ், பிற நிறுவனக் கார்டுகளில் ஓடும்போது எளிய வடிவத்தில்தான் ஓடுகிறது. ஆகவே நிறுவனப் பெயரைக் கொண்டு ஒப்பிடுவதே பிழை. தலைமுறையைக் கொண்டு ஒப்பிடவேண்டும்.

ஒப்பீட்டுக் காணொளிகள் பலவும் 4கே திரையில் எடுக்கப்படுபவை. அங்கே ‘குவாலிட்டி’ நிலையில் ஊகத்துக்குக் கிடைக்கும் மூலப்படம் 2560×1440. விடுதி அறையின் 1080பி மானிட்டரிலோ அதே நிலைக்குக் கிடைப்பது 1280×720. பிக்சல் கணக்கில் கால் பங்கு. மூலம் மெலிந்த இடத்தில்தான் ஊகத்தின் திறமும் திறமின்மையும் வெளிப்படும். 4கேயில் ‘ஏறக்குறைய ஒன்றே’ என்று தீர்ப்பளிக்கப்பட்ட எஃப்எஸ்ஆர் 2, 1080பியில் கம்பிவேலியையும் தலைமுடியையும் மினுமினுக்கச் செய்யும். ஓடும் உருவின் பின்னே நிழல் இழுபடும். உறைந்த படத்தில் இவை தெரியா. காணொளித் தளத்தின் சுருக்கமும் பாதியை விழுங்கிவிடும். செல்வர் திரைக்கு எழுதிய தீர்ப்பை எளியவர் விலைகொடுத்துப் பின்பற்றுகிறார் என்பதே இதிலுள்ள அநீதி. தமிழில் கார்டு விமர்சனம் செய்வோரேனும் 1080பியில், அசையும் காட்சியில் ஒப்பிட்டுக் காட்டவேண்டும்.

அதுவரை, 1080பி மானிட்டர் வைத்திருப்பவர் விலை குறைந்ததென்று முந்தைய தலைமுறை ஏஎம்டி கார்டை நாடினால், அப்ஸ்கேலிங்கை அணைத்துவிட்டும் தாம் விரும்பும் விளையாட்டை அது தாங்குமா என்று பார்த்து வாங்குவதே முறை. தாங்குமாயின், படத்தரத்தில் என்விடியாவுக்கென்று கூடுதல் பணம் தர அங்கே காரணமில்லை.