ஒன்றும் நடக்கவில்லை என்று யார் சொன்னது?

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குடியிருப்பில் இருக்கும் அக்கா ஒருவர் போன வாரம் சென்னையிலிருந்து திரும்பி வந்தார். கிளம்பி மேலே ஏறிக்கொண்டிருந்த விமானம் திடீரென்று ஏறுவதை நிறுத்தி, ஒரு பக்கமாகச் சரிந்து திரும்பியதாம். மடியிலிருந்த கைப்பை நடைபாதையில் போய் விழுந்ததாம். பின்வரிசைக் குழந்தைகள் வீரிட்டு அழுதனவாம். முன்னால் வேறொரு விமானம் போனது என்று பணிப்பெண் யாருக்கோ சொன்னதும் அவர் காதில் விழுந்திருக்கிறது. கதை கேட்க வந்திருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "பிள்ளையார்தான் காப்பாத்தினவர். ஒண்டும் நடக்கேல்லைத்தானே அக்கா, விடுங்கோ." மாணிக்கப் பிள்ளையாருக்கு 108 தேங்காய் நேர்ந்தாயிற்று. விமான நிறுவனத்துக்கு ஒரு கடிதமாவது எழுதினீர்களா என்று கேட்டேன். "தப்பி வந்தாச்சு, பிறகென்னத்துக்குக் கேள்வி?" என்று என் வாயை அடைத்துவிட்டார்கள்.

தேங்காய் உடைக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. உடைத்த கையோடு விஷயத்தையும் முடித்துவிடுகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. படித்தவர், படிக்காதவர், சைவர், கத்தோலிக்கர் என்ற பேதமில்லாமல் கொழும்புத் தமிழரிடம் ஊறிப்போன நம்பிக்கை இது. யாரும் சாகவில்லையென்றால் எதுவுமே நடக்கவில்லை என்று அர்த்தமாம்.

பெங்களூரில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2022 ஜனவரி 7, காலை நேரம். அங்கே வடக்கிலும் தெற்கிலும் இரண்டு இணையான ஓடுபாதைகள். ஒன்றில் விமானங்கள் கிளம்பிக்கொண்டிருந்தன, மற்றதில் இறங்கிக்கொண்டிருந்தன. தெற்கு ஓடுபாதையை மூடி, எல்லாவற்றையும் வடக்கிலேயே வைத்துக்கொள்வோம் என்று பணிமுறைப் பொறுப்பாளர் முடிவெடுத்தார். அந்த முடிவு தெற்குக் கோபுரத்தில் இருந்தவருக்குப் போய்ச் சேரவில்லை. வடக்குக் கோபுரம் ஒரு விமானத்துக்கு அனுமதி கொடுத்தது. தெற்குக் கோபுரம் இன்னொன்றுக்குக் கொடுத்தது. இரண்டும் இண்டிகோ விமானங்கள். ஒன்று கொல்கத்தாவுக்கு, மற்றது புவனேஸ்வரத்துக்கு. 400க்கும் மேற்பட்ட உயிர்களோடு இரண்டும் கிளம்பி, வானத்தில் ஒன்றையொன்று நெருங்கத் தொடங்கின. ரேடார் திரையின் முன் இருந்த கட்டுப்பாட்டாளர் ஒருவர் அதைக் கண்டு, இரண்டையும் வெவ்வேறு திசைக்குத் திருப்பிவிட்டார். அவ்வளவுதான், விபத்து நடக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் நெஞ்சை அடைக்கிறது. அந்தச் சம்பவம் எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படவில்லை. இந்திய விமான நிலைய ஆணையமும் மேலே அறிவிக்கவில்லை. ஜனவரி 19 அன்று செய்தி வெளியே வந்தபோது இதைச் சொன்னவர்கள் இந்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அதிகாரிகளே. பயிற்சி பெற்ற அதிகாரிகள், சட்டப்படி எழுதியே ஆகவேண்டியவர்கள், அக்காவிடம் கதை கேட்க வந்தவர்கள் மாதிரியே 'ஒன்றும் நடக்கவில்லைத்தானே' என்று பேனாவை மூடிவைத்துவிட்டார்கள். வெளியே கசியாமல் போயிருந்தால் கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் இடையே இருந்த அந்த ஓட்டை அப்படியே கிடந்திருக்கும். அடுத்த காலையில் ரேடாருக்கு முன் இருப்பவர் தும்மிக்கொண்டிருந்தால்?

கடவுள் காப்பாற்றினார் என்பவர்களிடம் ஒரு கேள்வி. சார்க்கி தாத்ரியில் அவர் எங்கே போனார்? 1996 நவம்பர் 12 மாலை, டெல்லியிலிருந்து கிளம்பிச் சில நிமிடங்களே ஆன சவுதி விமானம், 14,000 அடியில் இருக்கும்படி சொல்லப்பட்டிருந்தது. டெல்லியில் இறங்க வந்த கசகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி. அது தன் உயரத்தைவிட்டுக் கீழே இறங்கியது. இரண்டும் மோதி 349 பேரும் மாண்டார்கள். வளைகுடாவுக்குப் பிழைக்கப் போன தொழிலாளர்கள் எத்தனையோ பேர் சவுதி விமானத்தில். அவர்கள் வீட்டிலும் யாரோ நேர்த்தி வைத்துத்தானே அனுப்பியிருப்பார்கள்? அன்று டெல்லியில் வருகிற விமானமும் போகிற விமானமும் ஒரே வான்வழியில் போய்வந்தன. ரேடாரில் உயரம் தெரியாது. அந்த ஓட்டைகளை முன்னமே அடைக்காத மனிதர்களின் கணக்கில்தான் அந்தச் சாவுகளை எழுதவேண்டும். மோதல் தவிர்ப்புக் கருவியை இந்தியா கட்டாயமாக்கியதே அதற்குப் பிறகுதான். கருவி இருக்கிறதே என்று ஆறுதல் சொல்கிறவர்களுக்கும் ஒன்று: தரையிலிருந்து ஏறத்தாழ 1,000 அடிக்குக் கீழே அந்தக் கருவி 'ஏறு, இறங்கு' என்று கட்டளை கொடுக்காது. கிளம்பிய கையோடு ஆபத்து வந்தால் காப்பாற்ற வேண்டியது மனிதக் கண்தான். பெங்களூரில் காப்பாற்றியதும் மனிதக் கண்தான்.

எழுதிவைத்து ஒருவருக்கொருவர் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் 92 பேர் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனுக்கு அருகே டி.டபிள்யூ.ஏ. விமானம் ஒன்று மலையில் மோதியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் யுனைட்டட் நிறுவன விமானம் ஒன்று அதே இடத்தில் அதே தவறைச் செய்து மயிரிழையில் தப்பியிருந்தது. யுனைட்டட் தன் விமானிகளுக்குச் சொன்னது. டி.டபிள்யூ.ஏ. விமானிகளின் காதுக்கு அது எட்டவில்லை. தான் தப்பிய கதையை விமானி தண்டனைக்குப் பயப்படாமல் எழுதியனுப்ப, நாசாவின் பொறுப்பில் ஓர் ஏற்பாடு 1976இல் பிறந்தது. ஆளைப் பிடித்து வேலையைவிட்டுத் தூக்கு என்று கத்துவதும் எங்கள் ஊர் வியாதிதான். கத்தினால் அடுத்தவர் எழுதமாட்டார், மறைப்பார்.

எங்கள் நாட்டிலும் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. 2022 ஜூன் 13 அன்று லண்டனிலிருந்து கொழும்புக்கு வந்த ஸ்ரீலங்கன் விமானத்தை 33,000 அடியிலிருந்து 35,000 அடிக்கு ஏறச் சொன்னதாம் துருக்கி வான் கட்டுப்பாடு. அந்த உயரத்தில் 15 மைல் தூரத்தில் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் இருப்பதைக் கண்ட எங்கள் விமானிகள் ஏற மறுத்தார்கள் என்று செய்தி வந்தது. துருக்கி மறுத்தது. பெட்ரோல் வரிசையில் நின்றுகொண்டே நாங்கள் விமானிகளை வீரர்கள் என்று கொண்டாடினோம். கொண்டாடட்டும், தகும். ஆனால் யார் சொன்னது உண்மை என்ற கேள்வியை ஒரே கிழமையில் கைவிட்டோம். வீரம் என்று சொன்னாலும் சரி, விதி என்று சொன்னாலும் சரி, விசாரணையைக் கைகழுவ இரண்டும் ஒன்றுபோலவே உதவுகின்றன. பெங்களூரின் வெற்றுப் பதிவேடுதான் இங்கும்.

வானத்தோடு நின்றால் பரவாயில்லை. 2019 ஜனவரியில் புத்தளம் வணாத்தவில்லில் தென்னந்தோட்டம் ஒன்றில் வெடிபொருட்கள் பிடிபட்டன. வெடிக்கவில்லை, ஆகவே ஒன்றும் நடக்கவில்லை! ஏப்ரல் 4 அன்று இந்தியாவிலிருந்து எச்சரிக்கையும் வந்தது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, கொட்டாஞ்சேனைக்காரர் செவ்வாய்தோறும் மெழுகுவர்த்தி ஏற்றப் போகும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் குண்டுவெடிப்பில் என்ன கோலமானது என்று இந்த நகரத்தில் யாருக்குச் சொல்லவேண்டும்? காலி வீதியில் பஸ்காரர் ஒருவரையொருவர் முந்தப் பார்த்து, கடவையில் நிற்கும் பள்ளிப் பிள்ளையை ஒரு முழம் விட்டுப் போகும்போதும் "அம்மாளாச்சி!" என்று நெஞ்சில் கைவைத்துவிட்டு நடக்கிறோம். பஸ் இலக்கத்தை எழுதுகிறவர் யார்?

விமானப் பயணிகள் செய்யக்கூடியது பெரிய வேலையில்லை. பறப்பு இலக்கம், திகதி, நேரம், எந்தப் பக்கத்து இருக்கை, என்ன கண்டீர்கள் என்று ஒரு பக்கம். ஒரு பிரதி நிறுவனத்துக்கு, ஒரு பிரதி கட்டுநாயக்கவில் இருக்கும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்கு. அதிகாரசபையிடம் நாம் கேட்கவேண்டியதும் உண்டு: ஒவ்வொரு ஆண்டும் இந்த நாட்டு வானத்தில் எத்தனை விமானங்கள் இடைவெளி தவறி நெருங்கின, ஏன் நெருங்கின, அதற்குப் பிறகு எதை மாற்றினீர்கள் என்று, ஆட்களின் பெயரை நீக்கிவிட்டு மூன்று மொழியிலும் அச்சிட்டுக் கொடுங்கள்.