கொற்கையை எந்தத் துறையில் படிப்பது?

கல்லூரியில் சேரும்போது இயற்பியல், வரலாறு, தாவரவியல் என்று ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியிலே கொற்கை என்று ஓர் ஊர் இருக்கிறது. அதை இவற்றுள் எதில் படிப்பீர்கள்?

முத்துக்குப் பெயர்பெற்ற பாண்டியர் துறைமுகம் அது. இன்றோ கடல் அங்கிருந்து 6, 7 கிலோ மீட்டர் தள்ளி இருக்கிறது. துறைமுகம் இருந்ததைப் பழைய நூல்கள் சொல்லும். கடல் ஏன் விலகியது என்று சொல்லமாட்டா. ஆறு கொண்டுவந்த வண்டல் படிந்து படிந்து நிலமாயிற்று என்பது நிலவியல். மொழியறிஞர் கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் இந்த வண்டலைப் பற்றியும் எழுதினார்.

எப்பொழுது படிந்தது? இதற்கு இயற்பியல் வேண்டும். புதைந்து கிடக்கும் குவார்ட்ஸ் மணல், சுற்றியுள்ள மண்ணின் இயற்கைக் கதிர்வீச்சிலிருந்து ஆற்றலைச் சிறிது சிறிதாகச் சேமிக்கிறது. வெயில் பட்டால் அந்தச் சேமிப்பு போய்விடும். ஆகவே மணலை இருட்டிலேயே எடுத்துவந்து, ஆய்வுக்கூடத்தில் அதன்மீது ஒளி பாய்ச்சுவார்கள். அப்போது அது உமிழும் ஒளியைக்கொண்டு மொத்தச் சேமிப்பை அறியலாம். ஆண்டுக்கு எவ்வளவு சேரும் என்பதும் தெரிந்தால், மணல் கடைசியாக வெயில் கண்ட காலம் கிடைத்துவிடும்! சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லுமிக்குக் கி.மு. 1155 என்று 2021-இல் காலம் சொன்னது, கார்பன் அணுவின் சிதைவை அடிப்படையாகக் கொண்ட வேறொரு முறை.

ஒரு நிலப்பகுதியை இப்படிப் பல துறைகளும் சேர்ந்து படிப்பதை வட்டார ஆய்வு என்பார்கள். தெற்காசியாவுக்கென்றே அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக் கழகத்தில் 1948-இல் ஒரு துறை தொடங்கினார்கள். அங்குள்ள பல்கலைக் கழகங்களில் இயற்பியல் மாணவர்கூட இத்தகைய ஒன்றைத் துணைப்பாடமாக எடுப்பதுண்டு. நம் கல்லூரிகளில் இயற்பியலுக்குத் துணையாகப் பெரும்பாலும் கணிதமும் வேதியியலும்தான். அவை தேவையே. ஆனால் அவற்றோடு தாமிரபரணி வட்டாரத்துக்கும் நான்கு தாள்கள் ஒதுக்கினால் என்ன?

நுனிப்புல் மேய்வதாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். முதன்மைப் பாடத்தைக் குறைத்தால் அப்படித்தான் ஆகும்; குறைக்கக் கூடாது. எனக்குள்ள அச்சம் வேறு. இதற்கும் ஒரு நோட்ஸ் அச்சிட்டு, மனப்பாடம் செய்யச் சொல்லிவிடுவார்களோ? ஆற்றங்கரையில் நின்று மண்ணை அள்ளிப் பார்க்காமல் இந்தப் பாடத்துக்கு மதிப்பெண் தரவே கூடாது.

கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது, உங்கள் துறைக்கு வெளியே எந்தெந்தப் பாடங்களை எடுக்கலாம் என்று கேளுங்கள். நிலவியலோ தொல்லியலோ, ஒரு தாள் கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.