எந்த நேரத்தில் பிடித்தீர்கள்?

கவிஞர் அஹ்னாப் ஜஸீமை 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுவித்தபோது நம் இலக்கிய நண்பர்கள் சிலர் "நீதி வென்றது" என்று மகிழ்ந்தார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. 'நவரசம்' என்ற கவிதை நூலைக் காரணங்காட்டி 2020 மே மாதம் பிடிக்கப்பட்ட அந்த இளம் ஆசிரியர் 2021 டிசம்பர் வரை அடைபட்டுக் கிடந்தார். பயங்கரவாதத் தடைச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது என்பார்கள். சரி, அதை ஒருபுறம் வைப்போம். சாதாரணச் சட்டம் என்ன செய்கிறது?

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 37ஆம் பிரிவுப்படி, பிடியாணையின்றிக் கைதானவரைப் பிரயாண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. நான் படிப்பித்த தோட்டத்துப் பையன் ஒருவனை வெள்ளி மாலை லயத்திலிருந்து கூட்டிப்போனார்கள். ஞாயிறு மாலை கைதானதாகப் பதிந்து, திங்கள் நீதவான் முன் நிறுத்தினார்கள். இடையில் இரண்டு இரவுகள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. தாய் வாயெடுத்தாள். அது வேறு விடயம் என்று வழக்கறிஞரே அடக்கிவிட்டார். பையன் விளக்கமறியலுக்குப் போனான்.

வழக்கறிஞர் சொன்னதற்குச் சட்டத்தில் ஆதாரம் உண்டு என்பதுதான் என் கோபம். கைதில் முறைகேடு இருந்தாலும் விசாரணையும் தீர்ப்பும் செல்லும் என்று 1944இல் இந்திய வழக்கொன்றில் பிரிவி கவுன்சில் கூறியது. அபகரித்த நிலத்தில் தொழுதால் தொழுகை கூடுமா என்று நம் மத்ரஸாக்களில் கேட்பார்களே, அதே கேள்விதான். கூடும், பாவம் தனி என்பது ஷாபிஈ மத்ஹப். கூடாது என்பது இமாம் அஹ்மதின் பிரபலமான கருத்து.

நீதிமன்றங்களிலும் அந்த இரண்டாவது கட்சி உண்டு. தென்னாபிரிக்க விடுதலைப் போராளி இப்ராஹீம் இஸ்மாயில் இப்ராஹீமை 1986 டிசம்பரில் சுவாசிலாந்திலிருந்து அரசின் ஆட்கள் கடத்தி வந்தார்கள். தேசத்துரோகத்துக்கு 20 வருடச் சிறை விதிக்கப்பட்டது. கடத்தி வந்தவரை விசாரிக்கக் கீழ் நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கமே இல்லையென 1991இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. அத்தீர்ப்பின் அடித்தளம் ரோமன் டச்சுச் சட்டம். நமது பொதுச் சட்டமும் அதுதானே!

நமது மலைகளுக்கும் இது புதிதல்ல. மடுல்கெல்ல ரெலுகஸ் தோட்டத்துச் சின்னத்துரை பிரேஸ்கேர்டில் தொழிலாளர் பக்கம் பேசியதற்காக 1937இல் ஆளுநர் ஸ்டப்ஸ் நாடுகடத்த உத்தரவிட்டார். மே 18இல் உயர் நீதிமன்றம் அந்தக் காவல் செல்லாதெனக் கூறி அவரை விடுவித்தது. அது குற்ற விசாரணையல்ல, ஆட்கொணர்வு மனு. ஆனாலும் பிடித்தது சரியா என்று கேட்ட பிறகே மற்றதெல்லாம்.

அப்படியானால் கொலைகாரனும் தப்பிவிடுவானே என்பார்கள். சில மணிநேரத் தாமதத்துக்காக வழக்கையே எறியச் சொல்லவில்லை. விளக்கமறியலில் வைக்கும் அதிகாரத்தைத்தான் சொல்கிறேன். எந்த நேரத்தில் பிடித்தீர்கள் என்று நீதவான் முதலில் கேட்கட்டும். பதில் பொய்யென்றால் பிணையில் விடட்டும், வழக்கு நடக்கட்டும்.

பிறகு நட்டஈடு இருக்கிறதாம். உடையில் சக்கரப் படம் இருந்ததென்று 2019 மே மாதம் ஹசலக பொலிஸார் ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைதுசெய்தார்கள். விளக்கமறியலிலும் இருந்தார். அவரது உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் சொன்னது 2023இல். பொறுப்பதிகாரி கட்டவேண்டியது 30,000 ரூபா. அந்த வழிக்கும் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை ஒரு மாதக் கெடு வைக்கிறது. பொகவந்தலாவையில் கொழுந்து பறிக்கும் தாய், பேர் பதிந்து நாட்கூலி வாங்குபவள், அதற்குள் கொழும்பில் மனுப்போட வேண்டும்.