காருக்கு ஒரு ஸ்டிக்கர்... ஓட்டுறவருக்கு விசா! இரவுக் கப்பலில் சொந்த காரோடு ஐரோப்பா டூர்

சொந்த காரில் டூர் போறதோட சுகமே தனி. டிக்கி நிறைய பை, பின் சீட்டில் தலையணை, காலடியில் தண்ணீர் கேன், மடியில் முறுக்கு டப்பா. நினைத்த இடத்தில் நிறுத்தலாம். ஏர்போர்ட் தராசில் பெட்டியை வைத்துவிட்டு 'ஒரு கிலோ கூடிடுச்சே' என்று நடுரோட்டில் நிற்பதுபோல நிற்க வேண்டாம்.

அதே காரை அப்படியே ஒரு கப்பலின் வயிற்றுக்குள் ஓட்டிப்போய் நிறுத்திவிட்டு, மாடியில் சாப்பிட்டு, கேபினில் படுத்துத் தூங்கி எழுந்தால் வேறு நாடு என்றால் எப்படி இருக்கும்? பிரிட்டனில் இருப்பவர்களுக்கு இது கனவு இல்லை. பல வருடங்களாக நடக்கிற சாதாரண விடுமுறை. அங்கே வேலைக்குப் போயிருக்கும் நம்மூர் ஐ.டி ஆட்கள், டாக்டர்கள், நர்ஸ்கள், இரண்டு தலைமுறையாக லண்டனில் வாழும் ஈழத் தமிழ்க் குடும்பங்கள் எல்லோருக்கும் எட்டுகிற விஷயம்தான்.

ஆனால், இந்த விடுமுறையில் ஒரு வேடிக்கை இருக்கு. கார் ரொம்ப சுலபமாக எல்லை தாண்டிவிடும். மாட்டிக்கொள்வது காருக்குள் இருக்கும் ஆள்தான். டிக்கெட் போடும் முன் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தூங்கி எழுந்தால் நெதர்லாந்து

நீங்கள் லீட்ஸில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பாவுக்கு காரில் போக எல்லோரும் சொல்லும் வழி, டோவர் துறைமுகம் போய் அங்கிருந்து பிரான்ஸின் கலேவுக்கு ஒன்றரை மணி நேரக் கப்பல். ஆனால், லீட்ஸிலிருந்து டோவர் போகவே 400 கி.மீ-க்கு மேல் ஓட்டணும். அதற்குப் பதில் சுமார் 100 கி.மீ தள்ளி இருக்கும் ஹல் துறைமுகத்துக்குப் போனால், இரவு கிளம்பும் கப்பல் காலையில் ராட்டர்டாம் பக்கம் இருக்கும் யூரோபோர்ட்டில் இறக்கிவிடும். நியூகாசிலிலிருந்து கிளம்பினால் மறுநாள் காலை ஆம்ஸ்டர்டாமுக்கு அருகில் உள்ள ஐமாடன். ஹாரிச்சிலிருந்து ஹூக் ஆஃப் ஹாலந்து. போர்ட்ஸ்மவுத், பிளிமவுத் பக்கம் இருப்பவர்களுக்கு பிரான்ஸும், ஸ்பெயினின் சான்டாண்டரும்.

துறைமுகத்தில் டோல்கேட் மாதிரி ஒரு கூண்டு. காரில் இருந்தபடியே பாஸ்போர்ட்டைக் காட்டினால், எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவார்கள். ஊழியர் கை காட்டியதும் சரிவில் ஏறி உள்ளே போய், முன் வண்டியை ஒட்டி நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் விட்டு, எஞ்சினை அணைக்கணும். அலாரத்தையும் அணைத்துவிடுங்கள். கப்பல் ஆட ஆட அது ராத்திரி முழுக்கக் கத்தும்.

முதல்முறை போகிறவர்கள் செய்யும் தப்பு ஒன்று உண்டு. கப்பல் கிளம்பிய பிறகு கார் நிற்கும் தளத்துக்குப் பயணிகள் போக முடியாது. குழந்தையின் பால் பாட்டில், மாத்திரை, ஸ்வெட்டர், சார்ஜர் எல்லாம் காரிலேயே மாட்டிக்கொண்டால் காலை வரை அம்போ. அதனால் இரவுக்குத் தேவையானதை ஒரு சின்னப் பையில் தனியாக எடுத்து வையுங்கள். எந்தத் தளம், எந்தப் படிக்கட்டு என்பதை போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் நூற்றுக்கணக்கான கார்களுக்கு நடுவே தேடுவது கோயம்பேட்டில் பஸ் தேடுவதைவிட மோசம்.

கார் தளத்தில் இவ்வளவு கெடுபிடி சும்மா இல்லை. 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் சீபுருகே துறைமுகத்திலிருந்து 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' என்ற கார் கப்பல் முன்கதவை மூடாமலேயே கிளம்பியது. தடுப்பே இல்லாத நீண்ட கார் தளத்தில் தண்ணீர் புகுந்ததும் சில நிமிடங்களில் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். இன்றைய பாதுகாப்பு விதிகள் பலவற்றுக்குப் பின்னால் அந்த இரவு இருக்கிறது.

விமானம் இருக்க, கப்பல் எதுக்கு?

நியாயமான கேள்வி. குறைந்த கட்டண விமானங்கள் வந்த பிறகு இந்தக் கப்பல்கள் நிறைய அடி வாங்கின. 1994-ல் கடலுக்கடியில் சேனல் சுரங்கம் திறந்தது. 1999-ல் ஐரோப்பிய யூனியன் நாடுகளுக்கு இடையிலான டூட்டி-ஃப்ரீ விற்பனை நின்றது. கப்பல் கம்பெனிகளுக்கு அது பெரிய வருமானம். நியூகாசில்-நார்வே சேவை 2008-ல் நின்றது. ஹாரிச்சிலிருந்து டென்மார்க்கின் எஸ்பியர் போன கப்பல் 2014-ல் நின்றது. ஹல்-சீபுருகே சேவை கொரோனா காலத்துக்குப் பிறகு திரும்பவே இல்லை.

அப்படியும் மற்றவை ஓடக் காரணம், மேலே பஃபே சாப்பிடும் நாம் இல்லை. கீழ்த்தளத்தில் நிற்கும் லாரிகள்தான். குளிர்காலத்தில் சுற்றுலாப் பயணிகள் குறைந்தாலும், தக்காளியும் பூவும் மருந்தும் ஏற்றிய லாரிகள் தினமும் கடல் தாண்டியாக வேண்டும். 'பிரிட்டனி ஃபெரீஸ்' கம்பெனியின் கதையே இதற்குச் சாட்சி. அதை ஆரம்பித்தது சுற்றுலா முதலாளிகள் இல்லை, பிரான்ஸின் பிரிட்டனி பகுதி விவசாயிகள். தாங்கள் விளைவித்த காலிஃப்ளவரையும் ஆர்ட்டிசோக்கையும் இங்கிலாந்தில் விற்க வழி இல்லையென்று 1973-ல் தாங்களே கப்பல் விட்டார்கள். பிறகுதான் சுற்றுலாக் கூட்டம் வந்தது.

செலவு? விமான டிக்கெட் தலைக்குக் கணக்கு. கப்பலில் கார், கேபின் என்று கணக்கு போகும். ஒற்றை ஆள் போனால் விமானம்தான் லாபம். நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு இரவு ஹோட்டல் வாடகை, அங்கே போய் எடுக்கும் வாடகை கார், பெட்டிக் கட்டணம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கப்பல் பல நேரம் கட்டுப்படியாகும். பள்ளி விடுமுறை நாள்களில் மட்டும் விலை எகிறும்.

தயிர்சாதம் கட்டாதீங்க!

பிரெக்ஸிட்டின் மாற்றம் 2020 டிசம்பர் 31-ல் முழுமையானது. அடுத்த சில நாள்களில் ஹூக் ஆஃப் ஹாலந்தில் கப்பலைவிட்டு இறங்கிய ஓட்டுநர்களின் சாண்ட்விச்களை டச்சு அதிகாரிகள் பறிமுதல் செய்த வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. காரணம், பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய யூனியனுக்குள் இறைச்சி, பால் பொருள்களைத் தனிநபர்கள் கொண்டுபோகக் கூடாது.

நம்ம பாஷையில் சொன்னால், தயிர்சாதம், பனீர், சிக்கன் சுக்கா கூடாது. புளியோதரை, எலுமிச்சை சாதம் ஓகே. திரும்பி வரும்போதும் இதே கதை. கோமாரி நோய் பயத்தால், 2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பிய யூனியனிலிருந்து வருகிறவர்கள் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவர பிரிட்டனும் தடை போட்டது. ஹாலந்து போய் கௌடா சீஸ் வாங்கினால் அங்கேயே சாப்பிட்டு முடிக்க வேண்டியதுதான். உணவு விதிகளைத் தளர்த்த இரு தரப்பும் 2025 மே மாதம் கொள்கை அளவில் ஒத்துக்கொண்டன. அதனால் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஒரே கார், இரண்டு விதி

இனிதான் முக்கியமான விஷயம்.

காருக்கு என்ன வேண்டும்? ஆர்.சி மாதிரியான பதிவுப் புத்தகம், இன்ஷூரன்ஸ், பின்னால் 'யு.கே' ஸ்டிக்கர். அவ்வளவுதான். பழைய 'ஜி.பி' ஸ்டிக்கர் 2021 செப்டம்பர் 28 முதல் செல்லாது. இன்ஷூரன்ஸுக்கான 'கிரீன் கார்டு' தேவையும் அதே வருடம் ஆகஸ்டில் நீங்கியது.

இப்போது காருக்குள் பாருங்கள். ஓட்டுபவரிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தால் விசா வேண்டாம். 180 நாளில் 90 நாள் தங்கலாம். இந்திய அல்லது இலங்கை பாஸ்போர்ட் என்றால், பிரிட்டனில் எத்தனை வருடம் வரி கட்டியிருந்தாலும் ஷெங்கன் விசா எடுக்கணும். இது பிரெக்ஸிட்டுக்கு முன்பும் இருந்த விதிதான். கட்டணம் 2024 ஜூனில் 80 யூரோவிலிருந்து 90 யூரோ ஆனது. 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. அதற்குக் கீழே இலவசம். அப்பா, அம்மா, 8 வயதுப் பெண், 4 வயதுப் பையன் என்றால் 225 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. கூடவே 30,000 யூரோ வரை மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடும் வேண்டும். பிள்ளைக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தால் அதற்கு விசா தேவையில்லை. பெற்றோருக்கு வேண்டும். ஒரே காரின் முன் சீட்டுக்கு ஒரு விதி, பின் சீட்டுக்கு ஒரு விதி!

கார் டூருக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. எந்த நாட்டிடம் விசா கேட்பது? அதிக நாள் தங்கும் நாட்டிடம் கேட்கணும். எல்லா நாட்டிலும் சம நாள் என்றால் முதலில் நுழையும் நாட்டிடம். நெதர்லாந்தில் இறங்கி, அங்கே ஒரு நாள், ஜெர்மனியில் ஐந்து நாள் என்று திட்டம் போட்டால் ஜெர்மனியிடம்தான் விண்ணப்பிக்கணும். 'ரோடு எங்கே கூட்டிட்டுப் போகுதோ அங்கே போவோம்' என்பது பாஸ்போர்ட்டைப் பொறுத்த சுதந்திரம்.

இதோடு, 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பாவின் புதிய நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை படிப்படியாக அமலுக்கு வந்தது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகப்படமும் கைரேகையும் பதிவாகும். 12 வயதுக்குக் கீழ் கைரேகை இல்லை. ஒரு விமானப் பயணி தனியாக நடந்து வருவார். காரில் ஐந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள், பின்னால் நூறு கார் நிற்கும். பீக் சீஸனில் நேரத்தைக் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் ஒரு செக்லிஸ்ட்

* விசா கைக்கு வரும் வரை மாற்ற முடியாத மலிவு டிக்கெட் வாங்காதீர்கள். தேதி மாற்றக்கூடிய டிக்கெட் கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை.
* அங்கே வண்டி ஓட்டுவது சாலையின் வலதுபக்கம். ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்காமல் இருக்க ஒட்டும் வில்லை வாங்கிக்கொள்ளுங்கள்.
* பிரான்ஸில் எச்சரிக்கை முக்கோணமும், ஒளிரும் மேல்சட்டையும் காரில் இருந்தே ஆகணும்.
* நெதர்லாந்து நெடுஞ்சாலையில் காலை 6 முதல் மாலை 7 மணி வரை அதிகபட்ச வேகம் 100 கி.மீ.
* வண்டி பழுதானால் உதவும் பிரேக்டவுன் திட்டம் வெளிநாட்டிலும் செல்லுமா என்று பாருங்கள்.
* வாந்தி வரும் உடம்பு என்றால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளக் கேபினைக் கேளுங்கள். ஆட்டம் குறைவாகத் தெரியும்.

நம்ம கடலில் எப்போ?

இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஒரு ஏக்கம் வந்திருக்கும். டோவருக்கும் பிரான்ஸுக்கும் இடையே கடல் 33 கி.மீ. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறக்குறைய 30 கி.மீ. அங்கே ஒரு பக்கம் இடது, மறுபக்கம் வலது. இங்கே இந்தியா, இலங்கை இரண்டிலுமே இடதுபக்கம்தான் வண்டி ஓடுது. ஹெட்லைட் வில்லைகூட வேண்டாம்!

1914 முதல் 1964 புயல் வரை ரயிலும் கப்பலும் சேர்ந்த 'போட் மெயில்' தனுஷ்கோடி வழியாகச் சென்னையையும் கொழும்பையும் இணைத்தது. 2011 ஜூனில் தூத்துக்குடி-கொழும்பு இடையே 'ஸ்கோஷியா பிரின்ஸ்' ஓடியது. அது பல வருடங்கள் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே இரவில் கார்களைச் சுமந்த கப்பல். நம் கடலில் சில மாதங்கள்தான் தாக்குப்பிடித்தது. நாகப்பட்டினம்-காங்கேசன்துறை சேவை 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. சுமார் நாலு மணி நேரத்தில் யாழ்ப்பாணக் கரை. ஆனால், அது ஆள் ஏறும் கப்பல்தான், கார் ஏறாது.

ஏறாததற்குக் கடலின் ஆழம் மட்டும் காரணம் இல்லை. கார் கப்பல் பிழைக்க கீழ்த்தளத்தில் லாரி வேண்டும் என்று பார்த்தோமே? லாரி கடல் தாண்ட, இந்த நாட்டு நம்பர் பிளேட்டை அந்த நாடு ஏற்கும் ஒப்பந்தம் வேண்டும். 2015-ல் இந்தியா, வங்கதேசம், நேபாளம், பூட்டான் கையெழுத்திட்ட மோட்டார் வாகன ஒப்பந்தத்தில் இலங்கை இல்லை.

ஆக, அங்கே கார் சுலபமாகப் போகுது, நம்ம ஆள் வரிசையில் நிற்கிறார். இங்கே ஆள் போகலாம், கார் கரையிலேயே நிற்குது. இரண்டு இடத்திலும் தடை போடுவது தண்ணீர் இல்லை, காகிதம்தான். பிரிட்டனில் இருக்கும் உங்கள் அண்ணனோ தங்கையோ இந்தக் கோடையில் கப்பல் ஏறத் திட்டம் போட்டால், கேபினை அப்புறம் பார்க்கலாம், முதலில் விசா அப்பாயின்ட்மென்ட்டைப் பிடிக்கச் சொல்லுங்கள். அப்படியே புளியோதரையையும் ஞாபகப்படுத்துங்கள்!