சங்கிலியைப் பூட்டிய கைகள்

2001 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6 ஆம் நாள் வைகறையில், ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றி எரிந்தது. 28 உயிர்கள் கருகின. எழுந்து ஓட அவர்களால் இயலவில்லை. அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். நாடே அதிர்ந்தது. உச்சநீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. காப்பகங்கள் மூடப்பட்டன. காப்பகம் நடத்தியோரைக் குற்றம் சாட்டினோம், அது முறையே. ஆயினும், அவர்களை அங்குக் கொண்டுவந்து விட்டவர் யாவர் என்னும் வினாவை நாம் இன்றளவும் உரக்கக் கேட்டதில்லை.

பெற்ற தந்தையரும் உடன்பிறந்தாரும் கட்டிய கணவருமே கொண்டுவந்து விட்டனர். எல்லாச் சமயத்தாரும் அவர்களுள் இருந்தனர். அனைவரையும் கல்நெஞ்சர் என்று கூறிவிட முடியாது. அலைந்து அலைந்து கைப்பொருள் இழந்து, வேறு வழியறியாது வந்தோர் பலர். அவர்களைப் பழிப்பது என் நோக்கமன்று. வழி தெரிந்தும் வாளாவிருப்போரைப் பற்றியே எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு சாச்சி இருந்தார். கொல்லைப்புற அறையே அவருடைய உலகம். சிறுவர்களாகிய நாங்கள் அவரைக் குரலால் மட்டுமே அறிவோம். அரசுத் தலைமை மருத்துவமனை பேருந்தில் அரைமணிப் பயணம். அங்கு மனநல மருத்துவர் இருப்பதை அவ்வீட்டார் நன்கறிவர். "வெளியே தெரிந்தால் பெண்பிள்ளைகளுக்கு யார் சம்பந்தம் பேச வருவார்கள்?" என்பதே அவர்களுடைய விடை. தாயத்து வந்தது, ஓதிய தண்ணீர் வந்தது, மருத்துவர் மட்டும் வரவில்லை.

துஆவை நான் குறைத்துக் கூறவில்லை. நோய்க்கு மருந்தும் உண்டென அறிவித்து, மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்தவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். 1284 ஆம் ஆண்டளவில் கெய்ரோவில் எழுந்த மன்சூரி மருத்துவமனையில் மனநோயாளருக்கெனத் தனிப்பகுதியே இருந்தது. அத்தகைய மரபுக்கு உரியோர், மருந்தை ஈமானுக்கு எதிராக நிறுத்துவது எவ்வாறு பொருந்தும்? ஏர்வாடித் தர்காவிலேயே பிற்காலத்தில் துஆவுடன் மருந்தும் வழங்க அரசு ஏற்பாடு செய்தது. நாடிவந்தோரின் நம்பிக்கை அதனால் குன்றிவிடவில்லை.

மனச்சிதைவு போன்ற நோய்களில், மருத்துவம் தொடங்கக் காலம் தாழ்த்துமளவு குணமடைதலும் அரிதாகிறது. நாம் மறைத்து வைக்கும் ஒவ்வோர் ஆண்டும் நோயாளியின் ஆயுளிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் ஆண்டாகும். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளரைச் சங்கிலியிடுதலை எவ்வடிவிலும் தடைசெய்கிறது. எனினும், சாத்திய கொல்லைக் கதவைச் சட்டம் எங்ஙனம் காணும்? அதனைக் காண்போர் அண்டை வீட்டாரும், ஜமாஅத்துப் பெரியோரும், அவ்வீட்டிலிருந்து இக்கல்லூரிக்கு வரும் மாணவருமே. திருமணப் பேச்சில் "வீட்டில் யாருக்கேனும் அப்படி உண்டா?" என்று துருவும் நாமும் அக்கதவின் தாழ்ப்பாளே.

சாச்சியின் மூன்று பெண்மக்களுக்கும் நல்ல இடத்தில் நிக்காஹ் நடந்தது. மூன்று நாள்களிலும் விருந்தினர் அறியாவண்ணம் கொல்லைக் கதவின்முன் நெல் மூட்டைகளை அடுக்கி வைத்தார்கள். அம்மூட்டைகளைச் சுமந்து உதவிய இளைஞர்களுள் நானும் ஒருவன்.