3 மில்லிமீட்டர் தக்கை



குளிர்காலம் வந்தாலே, பிரிட்டனில் பழைய செங்கல் வீடுகளில் குடியிருக்கும் நம் வாசகர்களின் கடிதங்களில் சுவர்தான் பேச்சு. தொட்டால் சில்லிடும் படுக்கையறை, அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் படரும் பூஞ்சை. இப்போது கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: “சுவரில் தக்கையைப் பீய்ச்சி அடிக்கிறார்களாமே, நாங்களும் செய்துகொள்ளலாமா?”

செய்துகொள்ளலாம். எதற்காகச் செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும். அதற்கு முதலில் தக்கையை அறிந்துகொள்வோம்.

உலகத் தக்கையில் ஏறக்குறையப் பாதி போர்ச்சுகலில் விளைகிறது. தெற்கே அலென்தெஜூவின் கார்க் ஓக் தோப்புகளில் கோடைதோறும் பட்டை உரிப்பார்கள். மரத்தை வெட்டுவதில்லை. முதல் உரிப்புக்கே மரத்துக்குச் சுமார் 25 வயதாக வேண்டும். பிறகு 9 ஆண்டுக்கு ஒருமுறை. உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை அடிமரத்தில் பெயின்டால் எழுதிவைப்பார்கள். கோடரி சற்று ஆழமாக இறங்கினாலும் உள்பட்டை காயப்படும் என்பதால், கைதேர்ந்தவர்களிடம் மட்டுமே இந்த வேலையை ஒப்படைக்கிறார்கள்.

புட்டி மூடிகளுக்குப் போக மிஞ்சும் பட்டையை அரைத்தால் குருணை. 1665இல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் பார்த்த சிற்றறைகள் இந்தத் தக்கையில்தான் இருந்தன. ஒரு கன சென்டிமீட்டரில் அவை சுமார் 4 கோடி. ஒவ்வொன்றும் காற்றை அடைத்து வைத்திருக்கிறது. இந்தச் சிற்றறைகளின் சுவர்களில் மெழுகுத்தன்மையுள்ள சூபெரின் இருக்கிறது. வெப்பம் எளிதில் கடக்காததும் நீர் ஊறாததும் இவற்றால்தான்.

இந்தக் குருணையை நீர் சார்ந்த அக்ரிலிக் பிசினில் கலந்து, கம்ப்ரசர் துப்பாக்கியால் சுவரில் இரண்டு முறை அடிக்கிறார்கள். காய்ந்தபின் பூச்சின் கனம் 3 மில்லிமீட்டர் அளவில் நிற்கும். வளைந்துகொடுக்கும் பூச்சு என்பதால், சிமென்ட் பூச்சில் ஓடும் மயிரிழை விரிசல்களை மூடித் தாங்கும். மழைநீரைத் தடுக்கும்; சுவருக்குள் இருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறவும் வழிவிடும். சாரலில் நனைந்த செங்கல், உலர்ந்த செங்கலைவிட வேகமாக வெப்பத்தை இழக்கும். சுவரை உலர வைத்திருப்பதே பெரிய லாபம். இந்த வகையில் இது நல்ல பொருள், மனமாரச் சொல்கிறேன்.

ஆனால் வெப்பக்காப்பு கனத்தைப் பொறுத்தது. 10 சென்டிமீட்டர் தக்கைப் பலகை தடுக்கும் அளவில் இந்தப் பூச்சு 30இல் ஒரு பங்கைக்கூடத் தராது. இடையில் கலந்த பிசின் அதையும் குறைக்கும். சூடேற்றும் செலவு பாதியாகும் என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள். கடன் வாங்கி வீட்டைச் செப்பனிடும் குடும்பங்கள் இந்த ஒரு வாக்கியத்தால் ஏமாறக் கூடாது என்பதற்காகவே இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

குளிர்தான் உங்கள் கவலை என்றால் பலகையைப் பற்றி விசாரியுங்கள். பலகைக்காகக் குருணையை நீராவியில் சூடாக்கினால் அதன் சொந்தப் பிசினே ஒட்டிக் கட்டியாகிவிடும். இங்கிலாந்தின் ஈட்டன் நகரில், 2019இல் கட்டடக்கலைக்கான ஸ்டெர்லிங் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்த ‘கார்க் ஹவுஸ்’ வீட்டின் சுவரும் கூரையும் அப்படிப்பட்ட கட்டிகளால் எழுந்தவை.

பூச்சுதான் என்று முடிவெடுத்தால், முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உடைந்த மழைநீர்க் குழாயையும் தரையிலிருந்து ஏறும் ஈரத்தையும் எந்தப் பூச்சும் சரிசெய்யாது. பொருக்குவிட்ட பழைய பூச்சைச் சுரண்டி, கழுவி, நன்றாக உலரவிட்ட பின்பே துப்பாக்கியை எடுக்க வேண்டும். பூஞ்சைக்குச் சமையல் ஆவியும், அறைக்குள் உலர்த்தும் துணிகளும் காரணமாக இருக்கலாம். அங்கே தேவை காற்றோட்டம். பாதுகாக்கப்பட்ட பகுதியில் வீடு இருந்தால் வெளிச்சுவரைத் தொடுமுன் உள்ளூராட்சியின் அனுமதியைக் கேட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே அடித்துக்கொண்டவர்கள், இரண்டு குளிர்காலம் கழிந்தபின் சுவர் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். படமும் அனுப்பினால், தயங்கி நிற்கும் மற்ற வாசகர்களுக்காகப் பிரசுரிப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்