உள்ளே ஒன்றுமில்லாத பெட்டி

பழைய வண்டிகளின் அணிவகுப்பு ஒன்றுக்குப் போயிருந்தேன். எந்த ஊர், யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். எல்லா ஊரிலும் இப்படித்தான் நடக்கிறது.

வரிசையில் ஒரு ராணுவ ஜீப். இரண்டாம் உலகப் போர் காலத்து வில்லிஸ். ஆலிவ் பச்சை, பானெட்டில் வெள்ளை நட்சத்திரம், டயரில்கூட பாலிஷ். பின்பக்கம் பார்த்ததும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. ஒயர்லெஸ் செட் நம்பர் 19! புத்தகங்களில் மட்டுமே பார்த்திருந்த பெட்டி. முகப்பில் ஆங்கிலத்தோடு ரஷ்ய எழுத்தும் பொறித்திருந்தது. சோவியத் யூனியனுக்கும் அனுப்புவதற்காகக் கனடாவிலும் அமெரிக்காவிலும் செய்த செட்களில் அப்படி இருக்கும்.

"வேலை செய்யுமா?" என்று கேட்டேன், குரல் கொஞ்சம் நடுங்கியிருக்கலாம்.

"செய்யாம என்ன சார்" என்று சொந்தக்காரர் ஸ்விட்சைத் தட்டினார். பெட்டிக்குள்ளிருந்து பழைய எம்.ஜி.ஆர். பாட்டு கணீரென்று வந்தது. ப்ளூடூத்! உள்ளே இருந்ததையெல்லாம் வழித்து எடுத்துவிட்டு இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர் போர்டு வைத்திருக்கிறார். "ஒரிஜினல் சாமானெல்லாம் ஒரே துரு சார். இப்ப பாருங்க, என்னா சவுண்டு!" சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்து நடுவர்கள் வந்து அதே ஜீப்புக்கு ஒரு கோப்பையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். சிறந்த மறுசீரமைப்பாம்.

அவர் நல்ல மனுஷர். எனக்கு மோர் வாங்கிக் கொடுத்தார். அதனால் என் கோபம் அவர் மேல் அவ்வளவாக இல்லை. கோப்பை கொடுத்தார்களே, அவர்கள் மேல்தான். அவர்கள் கையிலிருந்த மார்க் ஷீட்டை எட்டிப் பார்த்தேன். பெயின்ட், டயர், என்ஜின், உள் அலங்காரம்... ரேடியோ என்ற வார்த்தையே இல்லை. ராணுவ வண்டி ஒன்றை எடைபோட வந்தவர்கள் கல்யாண காரை எடைபோடுகிற மாதிரி போட்டுவிட்டுப் போகிறார்கள்.

ரேடியோ ராணுவ வண்டிக்கு ஓர் அலங்காரப் பொருள் என்று நினைப்பவர்கள் 1940-க்குப் போய்வர வேண்டும். அந்த வருஷம் மே மாதம் ஜெர்மனி பிரான்ஸுக்குள் நுழைந்தபோது, பிரெஞ்சுக்காரர்களின் டாங்குகள் பல ஜெர்மன் டாங்குகளைவிடத் தடித்த கவசமும் நல்ல பீரங்கியும் கொண்டவை. ஆனால் பெரும்பாலானவற்றில் ரேடியோ கிடையாது. ஒரு டாங்குக்கும் அடுத்த டாங்குக்கும் பேச்சு கொடி அசைத்துத்தான். ஜெர்மன் தரப்பில் டாங்குப் படையை வளர்த்த குடேரியன் முதல் உலகப் போரில் ரேடியோ பிரிவில் வேலை பார்த்தவர். டாங்குக்கு டாங்கு ரேடியோ வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். 1940-ல் எடுத்த பிரபலமான புகைப்படம் ஒன்று உண்டு. கவச வண்டிக்குள் குடேரியன் நின்றுகொண்டிருப்பார். கீழே ரேடியோக்காரர்கள், பக்கத்தில் எனிக்மா ரகசியக் குறியீட்டு மெஷின். அந்த வண்டியில் முக்கியமான ஆயுதம் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடி வாங்கிய பிரிட்டிஷ்காரர்கள் அவசர அவசரமாகச் செய்ததுதான் இந்த நம்பர் 19. கேம்பிரிட்ஜ் பை கம்பெனியின் டிசைன். ஒரே பெட்டிக்குள் மூன்று விஷயங்கள். பின்னாலிருக்கும் தலைமையிடத்தோடு பேச 2-லிருந்து 8 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு செட். பக்கத்து டாங்கோடு பேச 230 மெகாஹெர்ட்ஸ் வாக்கில் இன்னொரு குட்டி செட். டாங்குக்குள் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் கத்தாமல் பேச ஓர் இன்டர்காம். முன்கூட்டியே நிறுத்தி வைத்த இரண்டு அலைவரிசைகளுக்குள் சட்டென்று மாற, சிவப்பு ஒன்று நீலம் ஒன்றாக ஒரு ஏற்பாடு. இருட்டில், குலுங்கும் வண்டியில், பயத்தில் கை நடுங்குகிறவனுக்காக யோசித்துச் செய்தது. அதற்குள் இப்போது ப்ளூடூத்.

ரேடியோ பேசாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1944 செப்டம்பர் 17 உதாரணம். ஹாலந்தில் ஆர்னெம் பாலத்தைப் பிடிக்க பிரிட்டிஷ் பாரசூட் படை இறங்கியது. இறங்கிய இடத்துக்கும் பாலத்துக்கும் நடுவே காடு, வீடுகள். கையிலிருந்த செட்களின் குரல் போய்ச் சேரவில்லை. தன் ஆட்கள் எங்கே என்று தெரியாமல் தளபதி அர்கார்ட் தானே ஜீப்பில் ஏறித் தேடிப் போனார். எதிரி நடுவில் மாட்டிக்கொண்டார். ஒரு வீட்டுப் பரணில் ஒளிந்திருந்துவிட்டு 19-ம் தேதி காலைதான் தன் இடத்துக்குத் திரும்ப முடிந்தது. ஒரு டிவிஷனுக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை நாள் தலை இல்லை. இறங்கியவர்கள் பத்தாயிரம் பேருக்கு மேல். கடைசியில் ஆற்றைக் கடந்து திரும்பியவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம். எல்லாமே ரேடியோவால் என்று சொன்னால் தப்பு. ஆனால் பேசாத பெட்டி எத்தனை பேரைக் கொல்லும் என்று அங்கே போனவர்களுக்குத் தெரியும்.

இதையெல்லாம் சொன்னால் ஒரு பதில் ரெடியாக வரும். "சார், எண்பது வருஷப் பெட்டியை யாரு ரிப்பேர் பண்றது? ஸ்பேர் எங்க கிடைக்கும்?"

கிடைக்கும். கிடைக்கிறது. இந்த செட்டின் அவுட்புட் வால்வு 807. உலகம் முழுக்கச் செய்து குவித்த வால்வு, இன்றும் தேடினால் கிடைக்கும். கெட்டுப்போவது பெரும்பாலும் பேப்பர் கண்டென்சர்கள்தான். ஈரம் புகுந்து கசியும். கசிந்தால் அடுத்த வால்வின் கிரிட்டில் போகக் கூடாத வோல்டேஜ் போய், வால்வின் தகடு பழுக்கக் காய்ச்சிய இரும்பு மாதிரி சிவக்கும். பொறுமைசாலிகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பழைய கண்டென்சரை இளஞ்சூட்டில் உருக்கி, உள்ளே இருப்பதை உருவி எடுத்துவிட்டு, அதே கூட்டுக்குள் சுண்டுவிரல் நகம் அளவு புது கண்டென்சரை வைத்து மெழுகால் மூடுகிறார்கள். வெளியே 1942, உள்ளே இன்றைய சரக்கு. எதை மாற்றினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுகிறார்கள். நாளைக்கு ஒருவன் திறந்தால் ஏமாற மாட்டான்.

இதுவும் உள்ளே மாற்றுவதுதானே என்று கேட்கலாம். நம் வீட்டுத் தாத்தாவுக்குப் பல் கட்டுவதும், தாத்தாவை எடுத்துவிட்டு அவர் சட்டையை நாற்காலியில் மாட்டி வைப்பதும் ஒன்றா?

இன்னும் கஷ்டமான வேலை வண்டியில் இருக்கிறது. போர்க்கால ஜீப் 6 வோல்ட். நம்பர் 19 கேட்பது 12 வோல்ட். அதற்குத் தனி பாட்டரி, தனி சார்ஜிங். அந்த 12 வோல்ட்டை டைனமோட்டர் என்ற சுழலும் மெஷின் கிட்டத்தட்ட 500 வோல்ட்டாக ஏற்றும். பேசும் பட்டனை அழுத்தினால் அது 'ஙொய்ய்ங்' என்று எகிறும் சத்தத்துக்கு ஈடாக எந்த ஸ்பீக்கரும் கிடையாது. (500 வோல்ட் ஷாக் அடிப்பதோடு நிற்காது. தெரியாதவர்கள் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.) அப்புறம் ஜீப்பின் ஸ்பார்க் பிளக்கே ஒரு ரேடியோ நிலையம் மாதிரி கரகரக்கும். அதை அடக்க பிளக்குக்கு ரெசிஸ்டர், டைனமோவுக்கு கண்டென்சர், பானெட்டிலிருந்து சேஸிஸுக்குப் பின்னல் செம்புப் பட்டை, போல்ட்டுக்குப் போல்ட் பல் வைத்த வாஷர். இப்படி அடக்கிய அமெரிக்க வண்டிகளின் நம்பருக்குப் பின்னால் 'எஸ்' என்று ஓர் எழுத்து இருக்கும்.

நம் கோப்பை ஜீப்பிலும் அந்த எழுத்து இருந்தது. அழகாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். செம்புப் பட்டை ஒன்றுகூட இல்லை. பெயின்ட் அடிக்கும்போது "அசிங்கமா தொங்குது" என்று வெட்டிவிட்டார்களாம்.

இன்னொரு கட்சியும் இருக்கிறது. மியூசியக் கட்சி. அவர்கள் எதையும் தொடக் கூடாது என்பார்கள். கரன்ட் கொடுத்தால் ஒரிஜினல் பாகம் எரிந்துபோகும், அப்படியே கண்ணாடிப் பெட்டியில் வை. உலகத்தில் ஒன்றே ஒன்று மிச்சமிருக்கும் சாமானுக்கு இது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆயிரக்கணக்கில் மிச்சமிருக்கும் செட்டுக்கு இது சோம்பேறித்தனம். நாலைந்தைக் கண்ணாடிக்குள் வையுங்கள். மற்றதைப் பேச விடுங்கள். பிரிட்டனில் இதற்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. பழைய ராணுவ ரேடியோக்காரர்கள் சனிக்கிழமை காலையில் 3615 கிலோஹெர்ட்ஸில் கூடிப் பேசுவார்கள், பழைய ஏ.எம். முறையிலேயே.

இங்கே சட்டம் இடம் கொடுக்காதே என்பது அடுத்த சாக்கு. லைசென்ஸ் இல்லாமல் பட்டனை அழுத்தக் கூடாது, வாஸ்தவம். அதற்காகத்தான் ஹாம் ரேடியோ பரீட்சை இருக்கிறது. நம்பர் 19-ன் எல்லைக்குள்ளேயே ஹாம்களுக்கு ஒதுக்கிய 7 மெகாஹெர்ட்ஸ் பகுதி வருகிறது. ஜீப்புக்கு டிங்கரிங் செய்யும் செலவோடு ஒப்பிட்டால் பரீட்சை ஃபீஸ் டீ செலவு. படிக்கத்தான் சோம்பல்.

படித்தால் வேறு லாபமும் உண்டு. நம் சினிமா போலீஸ் அதிகாரிகள் வாக்கி டாக்கியில் "ஓவர் அண்ட் அவுட்" என்று முறைப்பார்களே, அது எவ்வளவு அபத்தம் என்று தெரியவரும். ஓவர் என்றால் நான் முடித்தேன், நீ பேசு. அவுட் என்றால் பேச்சே முடிந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்வது, வாசல் கதவைத் திறந்து "உள்ள வாங்க" என்று சொல்லிக்கொண்டே முகத்தில் சாத்துவது.

வண்டிக்காரர்களிடம் ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன். உங்களுக்கு ரிப்பேர் செய்ய நேரமில்லை, ஆள் இல்லை, சரி. அப்படியே விட்டுவிடுங்கள். துருவோடு, ஒட்டடையோடு. வெடித்த ஒயரோடு இருக்கும் செட்டுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கிறது, இருபது வருஷம் கழித்து யாராவது வந்து உயிர் கொடுக்கலாம். வழித்தெடுத்த பெட்டிக்கு அதுவும் கிடையாது. நடுவர்களே, அடுத்த முறை மார்க் ஷீட்டில் ஒரு வரி சேருங்கள். உள்ளே ஒரிஜினல் சாமான் இருந்தால் பத்து மார்க், பேசினால் இன்னும் பத்து, குடைந்து எடுத்திருந்தால் அலங்காரத்தில் வாங்கிய மார்க்கெல்லாம் ரத்து. கோப்பைக்காகத்தான் குடைகிறார்கள். கோப்பை இல்லையென்றால் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிடுவார்கள்.

மோர் குடித்து முடித்ததும் அந்த ஜீப்காரரிடம் கேட்டேன். "எடுத்த சாமானை என்ன சார் பண்ணீங்க? காயலான் கடையா?"

"வால்வு, காயிலெல்லாம் பாதி போட்டாச்சு சார், எடைக்கு. மிச்சம் ஒரு கோணிப்பையில மொட்டை மாடில கிடக்கு. மழைல நனைஞ்சிருக்கும். வேணுமா?"

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.